கிளிநொச்சிப் பக்கம் வீட்டுத்தோட்டத்துக்கு ருசியான பரம்பரைத் தக்காளி எது?

கேள்வி கேட்டவர் கனடாவில் அக்கா வீட்டில் பிராண்டிவைன் தக்காளி சாப்பிட்டிருக்கிறார். ஊருக்கு வந்தபின் சந்தைத் தக்காளி தண்ணீரும் தோலுமாகத் தெரிகிறதாம். பிராண்டிவைன், பிளாக் கிரிம் போன்ற பரம்பரை வகைகள் (தலைமுறையாக விதை எடுத்துக் காப்பாற்றி வந்த பழைய வகைகள்) எங்கள் வளவில் வருமா, இல்லையென்றால் எதை வைக்கலாம் என்பது கேள்வி.

நான் விசுவமடுப் பக்கம். மிளகாயும் கத்தரியும் வைக்கிற குடும்பம். பிராண்டிவைனை வைத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அதை வைக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் உடுப்புகளுக்கிடையே ஒரு சின்னப் பொட்டலம் விதை கொண்டுவந்தார். (அது பிழையான வேலை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் அனுமதி எடுக்க வேண்டும். விதையோடு வைரசும் பயணம் செய்யும். எங்களுக்கு அப்போது தெரியாது.) பன்னிரண்டு கன்று பிழைத்தது. உருளைக்கிழங்கு இலை மாதிரி அகன்ற இலை, என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டது. அம்மா பின்னேரங்களில் வந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடிக்கெல்லாம் பாவலைப் படரவிட்டிருக்கலாம்" என்பார். மாசி முழுக்கப் பூத்தது. பூத்ததெல்லாம் காம்போடு கொட்டியது. பன்னிரண்டு கன்றுக்கும் சேர்த்து மூன்று காய். ஒன்று வெடித்தது, ஒன்றை மயில் கொத்தியது, மற்றதை ஐந்து பேர் பங்குபோட்டோம். ருசி நல்லதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் முதலில் எருவைச் சந்தேகித்தேன். காரணம் இரவு வெப்பம். இரவில் 24 பாகை செல்சியசுக்கும் பகலில் 32க்கும் மேலே தொடர்ந்து போனால் பல தக்காளி வகைகளில் மகரந்தம் கெட்டு, பூ பிடிக்காமல் விழும். வன்னியில் இரவு கொஞ்சமாவது குளிர்வது மார்கழியும் தையும்தான். பங்குனி பிறந்தால் விடியற்காலையில்கூடப் புழுக்கம். பிராண்டிவைனோ நட்ட நாளிலிருந்து பழுக்க 90 முதல் 100 நாள் கேட்கிற சாதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் வேர் அழுகும், மழை விட்டபின் நட்டால் காய் பிடிக்கிற நேரத்தில் வெயில் வந்து நிற்கும். எப்படிக் கணக்குப் போட்டாலும் உதைக்கும்.

ஆகவே ருசிக்கு முன் நாளை எண்ணுங்கள். கார்த்திகை கடைசியில் தவறணை (நாற்றுமேடை) போட்டு, மூன்று நாலு கிழமைக் கன்றை மார்கழியில் நட்டு, தையில் பூப்பிடித்து, மாசி பங்குனிக்குள் பறித்து முடிக்கக்கூடிய வகைதான் எங்களுக்குச் சரி. 60, 70 நாளில் பழுக்கிற சின்னப் பழ வகைகள் இதற்குள் அடங்கும். சின்னப் பழச் செடிகள் வெக்கையிலும் ஓரளவு காய் பிடிக்கும். பழம் பெருக்கப் பெருக்க அந்தக் குணம் குறைந்துகொண்டு போகும். வெளிநாட்டுப் பரம்பரை வகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அனுமதியோடு வந்த விதை கிடைக்கும் பட்சத்தில், மெக்சிக்கோவின் காட்டுத் தக்காளிக்கு நெருங்கிய மற்ஸ் வைல்ட் செரியைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவுதான், ஆனால் இனிப்பும் புளிப்பும் அப்படி. பிளாக் கிரிம், செரோக்கி பேர்பிள் இரண்டும் பெரிய பழ வகைகளில் கொஞ்சம் வெயில் தாங்கும் என்பார்கள். நான் வைத்ததில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: 30 பாகைக்கு மேலே செடியில் பழுத்தால் சிவப்புச் சாயம் ஒழுங்காக ஊறாது, மஞ்சள் பாய்ந்து நிற்கும். படத்தில் பார்த்த அந்தக் கறுஞ்சிவப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் நிறப் பேரிக்காய் வடிவத் தக்காளி ஒன்று இருக்கிறது, பார்க்க அழகு, வாயில் ஒன்றுமில்லை. அதை விட்டுவிடலாம்.

சரி, ருசியை எப்படிக் கண்டுபிடிப்பது? பழுக்குமுன் காயின் தோளைப் பாருங்கள். காம்பைச் சுற்றிக் கடும் பச்சை வளையம் இருந்தால் அது நல்ல அடையாளம். கடைக்கு அனுப்பும் பழம் எல்லாம் ஒரே நிறத்தில் பழுக்க வேண்டும் என்று அந்தப் பச்சைத் தோளை எழுபது எண்பது வருடமாகத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். 2012இல் ஆய்வாளர்கள் அந்த மரபணுவைப் பிடித்தபோதுதான் விசயம் வெளியே வந்தது: பச்சையம் அதிகமாக இருக்கிற காய் தானும் கொஞ்சம் சீனி தயாரிக்கிறது. பச்சையைக் கழித்தபோது இனிப்பிலும் கொஞ்சம் கழிந்துபோனது.

அந்தப் பச்சைத் தோள் எங்கள் ஊர்த் தக்காளியில் இருக்கிறது. இரண்டு மூன்று நெல்லிக்காய் அளவில், பூசணிக்காய் போல வரிவரியாய், தோல் மெல்லிசாய், நல்ல புளிப்பாய் வருமே, அதுதான். யுத்தம் முடிந்து நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது வளவில் பற்றை மட்டும்தான். விதைப் போத்தல், விதைச் சுரைக்குடுவை ஒன்றும் மிஞ்சவில்லை. கிணற்றடியில், முன்பு பாத்திரம் கழுவுகிற இடத்தில், இரண்டு தக்காளிச் செடி தானாக நின்றது. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சொதிக்கு அதன் பிள்ளைகள்தான். கேட்டவருக்கு என் முதல் பதில் இதுதான்: வெளிநாட்டு விதைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், அயலில் வயதான ஒரு அம்மாவின் கிணற்றடியைப் போய்ப் பாருங்கள். விதையைக் கேட்காதீர்கள், பழத்தைக் கேட்டு வாங்கித் தின்றுபாருங்கள். பிடித்தால் விதை கையிலேயே இருக்கும்.

அது கிடைக்காவிட்டால் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட பழைய வகைகளில் ரி-245, திலின இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பரம்பரை என்று சொல்ல முடியாது, ஆனால் கலப்பினமும் இல்லை. விதை எடுத்து வைக்கலாம். ருசியில் ஊர்த் தக்காளிக்குக் கீழே, சந்தைப் பழத்துக்கு மேலே.

இன்னொன்று. கத்தரி, மிளகாய் நின்ற பாத்தியில் தக்காளியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம். பச்சையாக நின்ற செடி திடீரென்று மத்தியானத்தில் தொய்ந்தால் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால் போல நூல் இறங்கினால் பக்றீரியா வாடல். மருந்து தேடி அலையவேண்டாம், பிடுங்கி எரித்துவிடுங்கள். பரம்பரை வகைகளில் பலதுக்கு இதைத் தாங்கும் சக்தி கிடையாது.

நல்ல வகையை வைத்தும் ருசியைக் கெடுக்கலாம். நானே கெடுத்திருக்கிறேன். பழம் நிறம் மாறத் தொடங்கியபிறகும் வாய்க்கால் தண்ணீரைத் தாராளமாக விட்டால் பழம் சப்பென்று போகும், வெடிக்கவும் செய்யும். அந்த நேரம் தண்ணீரைக் குறையுங்கள், செடி வாடாமல் இருந்தால் போதும். இளஞ்சிவப்பு படர்ந்ததும் பறித்துக் குசினியில் நிழலில் பரப்பிவிடுங்கள். வெயிலில் செடியிலே பழுக்க விடுவதைவிட நிறமும் நன்றாக வரும், குரங்குக்கும் மயிலுக்கும் பங்கு போகாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். 12 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் மணம் போய்விடும், வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது.

விதைக்கென்று முதலில் பழுத்த பழத்தை எடுக்காதீர்கள். எந்தச் செடியின் பழம் ருசி என்று வீட்டில் சண்டை பிடித்து முடிவெடுத்தபின், அந்தச் செடியில் நன்றாகப் பழுத்த நாலைந்தைப் பிழிந்து ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். வழுவழுப்பு கரைந்துவிடும், நல்ல விதை அடியில் தங்கும். கழுவி நிழலில் உலர்த்துங்கள். அம்மா பழைய பேப்பரில்தான் காயவைப்பார், விதை ஒட்டிக்கொள்ளும். உரித்தெடுக்க வேண்டாம், அடுத்த கார்த்திகையில் பேப்பரோடு கிழித்துத் தவறணையில் புதைத்தாலும் முளைக்கும்.