நுண்ணுயிரிகளிலிருந்து லிப்பேஸ் நொதியை எப்படித் தயாரிக்கிறார்கள்? தொழிற்சாலைகளில் அது எதற்குப் பயன்படுகிறது?

முதுகலையில் என் ஆய்வே லிப்பேஸ்தான், அதனால் பட்ட அனுபவத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

எண்ணெயும் கொழுப்பும் கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தவை. அந்தப் பிணைப்பை நீரின் துணையோடு வெட்டுவது லிப்பேஸ். நம் கணையத்திலும் இது உண்டு. ஆனால் பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா பலவும் இதைச் செல்லுக்கு வெளியே சுரந்துவிடும். வடிகட்டினாலே கையில் கிடைக்கும் என்பதால் தொழிற்சாலைகள் இவற்றைத்தான் நாடுகின்றன.

எண்ணெய்ச் செக்கு ஒன்றின் வாசலில் மண் எடுத்துவந்து, டிரைபியூட்டிரின் என்ற கொழுப்பு கலந்த அகர் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பினேன். ஒரு பாக்டீரியாவைச் சுற்றி, கொழுப்பு வெட்டுப்பட்டதைக் காட்டும் அருமையான தெளிந்த வளையம் வந்தது. இரண்டு மாதம் அதையே வளர்த்தேன். பிறகு ஆலிவ் எண்ணெயை நீரோடு அடித்துப் பால் போலாக்கி, அதில் சோதித்து, காரம் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து பார்த்தால் அமிலமே வெளிவரவில்லை. டிரைபியூட்டிரினில் இருப்பவை குட்டையான கொழுப்பு அமிலச் சங்கிலிகள், சாதாரண எஸ்டெரேஸ் நொதியே அவற்றை வெட்டிவிடும். நீண்ட சங்கிலிக் கொழுப்பை வெட்டினால்தான் அது லிப்பேஸ். நீங்கள் ஆய்வு தொடங்குவதாக இருந்தால் ஆலிவ் எண்ணெயும் ரோடமின் பி சாயமும் கலந்த தட்டை முதல் வாரமே போட்டுவிடுங்கள். லிப்பேஸ் இருந்தால் புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறமாக ஒளிரும்.

எண்ணெயைப் பால் போல அடிப்பதற்கும் காரணம் உண்டு. பல லிப்பேஸ்களில் வினை நடக்கும் குழியின் மேல் ஒரு மூடி இருக்கிறது. எண்ணெய்த் துளியின் விளிம்பில் போய் ஒட்டிய பிறகுதான் அது விலகும். துளிகள் சிறிதாகச் சிறிதாக விளிம்பு கூடும், வேலையும் கூடும்.

அடுத்து நான் எடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சை. அதற்குத் தீனி எள்ளுப் புண்ணாக்கு. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதே பூஞ்சையை இதே புண்ணாக்கில் வளர்த்து 1998-இல் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயே நொதியைச் சுரக்கத் தூண்டும். ஈரம்தான் பெரிய பாடு. கூடினால் களி போல இறுகிக் காற்றுப் போகாது, குறைந்தால் பூஞ்சை படராது. குடுவையில் சமாளித்துவிடலாம். பெரிய தட்டில் பரப்பினால் நடுவில் சூடு ஏறி நொதி கெடுகிறது. அதனால் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் காற்றும் கலக்கியும் உள்ள எஃகுத் தொட்டிகளில் திரவமாகவே வளர்க்கின்றன. அங்கே குளுக்கோஸை அள்ளிப் போட்டால் பல உயிரிகள் லிப்பேஸ் சுரப்பதைக் குறைத்துவிடும், அளந்துதான் ஊட்ட வேண்டும். அப்புறம் வடிகட்டி, செறிவாக்கி, திரவமாகவோ குருணையாகவோ விற்கிறார்கள்.

சலவைத்தூளுக்கு வந்த கதை எனக்குப் பிடித்தது. தெர்மோமைசஸ் லனுஜினோசஸ் என்ற பூஞ்சையின் லிப்பேஸ் சோப்பின் காரத்தைத் தாங்கியது, ஆனால் சுரந்த அளவு போதவில்லை. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் அதன் மரபணுவை, ஜப்பானியர் சோயா சாஸுக்குப் பயன்படுத்தும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேவில் புகுத்தி, 1988-இல் லிப்போலேஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த நொதி தண்ணீருக்குள் செய்வதைவிடத் துணி காயும்போதுதான் அதிகம் வெட்டுகிறது. கறை அடுத்த சலவையில் போகும்.

தோல் தொழிலில், கொழுப்பு மிகுந்த செம்மறி ஆட்டுத்தோலிலிருந்து அதை நீக்க உதவுகிறது, கரைப்பான்களின் தேவை குறையும். சீஸுக்கு மணம் கூட்டவும் பயன்படுகிறது.

சரி, இதுவரை சொன்னது வெட்டும் வேலை. தண்ணீர் நிறைய இருந்தால் வெட்டும் இதே நொதி, தண்ணீர் குறைந்தால் கொழுப்பு அமிலங்களை ஒட்டும். தாய்ப்பாலின் கொழுப்பில் பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலம் கிளிசராலின் மூன்று இடங்களில் பெரும்பாலும் நடு இடத்தில் இருக்கும், தாவர எண்ணெய்களில் ஓரங்களில் இருக்கும். குழந்தையின் குடலில் ஓரத்து அமிலங்கள் முதலில் பிரியும். பிரிந்த பால்மிட்டிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு போலாகி மலத்தை இறுக்கும், கால்சியமும் வீணாகும். ரைசோமியூகர் மியேஹெய் பூஞ்சையின் லிப்பேஸ் ஓரங்களை மட்டுமே தொடும். பாமாயிலின் கெட்டிப் பகுதியில் ஓரத்து அமிலங்களை எடுத்துவிட்டு ஓலியிக் அமிலத்தை வைக்க இது உதவுகிறது. இப்படித் தாய்ப்பாலை ஒத்த கொழுப்பு குழந்தை உணவுக்குக் கிடைக்கிறது. வெப்பமும் வேதிப்பொருளும் வைத்துச் செய்தால் மூன்று இடமும் கலைந்துவிடும், இந்தத் துல்லியம் வராது.

பயோடீசலிலும் இதே ஒட்டும் வேலைதான், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை மெத்தனாலோடு ஒட்டுகிறது. மெத்தனாலை மொத்தமாக ஊற்றினால் நொதி செயலிழக்கும், பல தவணையாகச் சேர்க்க வேண்டும். நொதி விலை அதிகம் என்பதால் பிசின் மணிகளில் பிணைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வினையில் பிரியும் கிளிசரால் அந்த மணிகளின் மேலேயே படிந்து அடைத்துக்கொள்ளும், அதை அவ்வப்போது கழுவி எடுக்க வேண்டும்.