நாலு வயதில் நடந்தது நினைவில்லை, ஆனால் கை நடுங்குகிறது

கேள்வி: எனக்கு 21 வயது. ஊர் தருமபுரம். கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி யாரையாவது ஏசினாலே எனக்குக் கை நடுங்கும், கூட்டிக்கொண்டிருந்த கணக்கு மறந்துபோகும். இரவு 2 மணிக்கு எழும்பிக் கதவுப் பூட்டைப் பார்ப்பேன், திரும்பவும் போய்ப் பார்ப்பேன். கடைசிப் போர் நடந்த 2009இல் எனக்கு நாலு வயது. ஷெல், பங்கர் எதுவும் நினைவில்லை. நினைவில்லாதது எப்படிப் பாதிக்கும்? அம்மாவைக் கேட்டால் ‘அதை ஏன் இப்ப கிண்டுறாய்’ என்கிறா.

பதில்: தங்கச்சி, நடந்ததைக் கதையாகச் சேர்த்து வைக்கும் மூளைப் பகுதி நாலு வயதில் முழுதாக முதிர்ந்திருக்காது. அதனால் அந்த வயதுச் சம்பவங்கள் பெரும்பாலானோருக்கு நினைவிருப்பதில்லை. ஆனால் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி குழந்தைப் பருவத்திலேயே வேலை செய்யும். பங்கருக்குள் இருந்த பிள்ளைக்குக் குண்டு போடும் கிபிர் விமானம் என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவின் முகம் இறுகுவதும் பிடி இறுகுவதும் தெரியும். உரத்த சத்தம் வந்தால் உடம்பு தயாராக வேண்டும் என்று அது பழகிக்கொள்கிறது. அப்போது அது உயிர்காத்த பழக்கம். இன்று முதலாளியின் குரலுக்கும் அதே மணி அடிக்கிறது.

எல்லாவற்றையும் போரின் தலையில் போட நான் தயாரில்லை. குழந்தைப் பருவப் பாதிப்புகள் பற்றி 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த பேர்பெற்ற ஆய்வில் போர் பற்றிய கேள்வியே கிடையாது. வீட்டில் அடி விழுந்ததா, குடி இருந்ததா, அம்மாவை யாரும் அடித்தார்களா என்றுதான் கேட்டார்கள். இவை கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் கூடியிருந்தது. வன்னியில் இரண்டையும் பிரிக்கவும் முடியாது. மெனிக்பாம் அகதி முகாமின் கூடாரம், திரும்பி வந்து தகரக் கொட்டில், காணாமல்போனவரைத் தேடி அலைந்த அம்மா, நுண்கடன்காரர் வாசலில் நின்ற பின்னேரங்கள். உங்கள் வீட்டில் இவற்றில் எது இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2009க்குப் பிந்திய வருடங்களையும் யோசித்துப் பாருங்கள். அவை உங்களுக்கு நினைவிருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓ.பி.டி.) போய்த் தைரொயிட்டும் இரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம். அப்படியே மனநல கிளினிக்குக்கும் துண்டு கேளுங்கள். அங்கே முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. நித்திரை, கை நடுக்கம், எப்போது தொடங்கியது, இவ்வளவும் போதும். பேச்சுவழிச் சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. வைத்தியர் குளிசை தந்தால் பயப்பட வேண்டாம். இந்தப் படபடப்புக்கும் மனச்சோர்வுக் குளிசைதான் தருவதுண்டு, அது நித்திரைக் குளிசை அல்ல. குணம் தெரியச் சில வாரம் எடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விடும் எண்ணம் எப்போதாவது வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கடையில் கை நடுங்கும்போது இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி, மூச்சை உள்ளே எடுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். பூட்டைப் படுக்க முன் ஒருதரம் கையால் தொட்டுப் பாருங்கள். இரவில் எழும்பினால் திரும்பப் போகாமல் இருந்து பாருங்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீயையும் விடுங்கள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கடினம்!

அம்மாவிடம் ‘என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவவுக்குப் பாரம். தேங்காய் துருவும்போதோ அரிசி கிளையும்போதோ, ‘அப்ப என்னை ஆர் தூக்கிக்கொண்டு நடந்தது?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சொன்னால் கேளுங்கள். பேசாமல் எழும்பி அடுப்படிக்குப் போனால், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.