தடை அமலாக்கம் என்று சொல்லிக் கப்பலைத் தாக்கலாமா?

கேள்வி: சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருக்கிறேன். அடுத்த பயணம் சூயஸ், செங்கடல் வழியாக இருக்கும் என்கிறார்கள். ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர், கப்பல்கள் மீதான தங்கள் தாக்குதல்களை இஸ்ரேல் மீதான தடையின் அமலாக்கம் என்கின்றனர். சட்டத்தில் அதற்கு இடமுண்டா? நான் போக மறுக்கலாமா?

பதில்: சட்டத்தில் இடமில்லை. ஒரு நாடு தன் குடிமக்களும் நிறுவனங்களும் இன்னொரு நாட்டோடு வணிகம் செய்வதைத் தடுக்கலாம். தன் துறைமுகங்களையும் மூடலாம். ஆனால் எந்த நாட்டுக்கும் உரியதல்லாத திறந்த கடலில் செல்லும் கப்பலின் மீது அதன் கொடி நாட்டுக்கே (பதிவு செய்த நாட்டுக்கே) அதிகாரம் உண்டு என்பது 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை வகுத்த பொதுவிதி. பொருளாதாரத் தடைக்காக அந்த விதியைத் தாண்டிப் பிற நாட்டுக் கப்பல்கள் மீது பலத்தைப் பயன்படுத்த ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி வேண்டும். தடைக்கு உள்ளான ரொடீசியாவுக்கான (இன்றைய ஜிம்பாப்வே) எண்ணெய் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்குப் போவதைத் தடுக்க, 1966இல் பிரிட்டனே 221ஆம் தீர்மானத்தைப் பெற வேண்டியிருந்தது. செங்கடலில் நடந்ததோ நேர்மாறு: 2024 ஜனவரி 10 அன்று நிறைவேறிய 2722ஆம் தீர்மானம், தாக்குதல்களை உடனே நிறுத்துமாறு ஹூதிகளிடம் கோரியது. காசா குறித்து அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதா என்பது வேறு விவாதம். அது நியாயமென்றே கொண்டாலும் இந்த அதிகாரம் அதிலிருந்து பிறப்பதில்லை.

அனுமதி இருந்தாலும்கூட நிறுத்துவது, ஏறிச் சோதிப்பது, திருப்பி அனுப்புவது என்பதே அமலாக்கத்தின் வழக்கமான முறை. 1929இல் கனடாக் கொடியேந்திய 'ஐ'ம் அலோன்' என்ற சாராயக் கடத்தல் கப்பலை அமெரிக்கக் கடலோரக் காவற்படை துரத்திச் சென்று மூழ்கடித்தது. கப்பலில் இருந்தது கள்ளச் சரக்குதான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேண்டுமென்றே மூழ்கடித்ததை நியாயப்படுத்த முடியாது என்று கண்ட, இரு நாடுகளும் அமர்த்திய ஆணையர்கள், அமெரிக்கா மன்னிப்புக் கோரிக் கனடாவுக்கு 25,000 டாலர் தர வேண்டும் என 1935இல் பரிந்துரைத்தனர். ஏவுகணை எந்தச் சரக்கையும் சோதிப்பதில்லை. 2024 மார்ச் 6 அன்று 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பல் ஹூதிகளின் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது மாலுமிகள் மூவர் இறந்தனர். உயிர் தப்பியவர்களை, ஓர் இந்தியர் உட்பட, நமது ஐ.என்.எஸ். கொல்கத்தா மீட்டது.

ஆயுதப் போரில் எதிரியின் துறைமுகத்தை முற்றுகையிடவும், படைக்கு ஆயுதம் ஏற்றிச் செல்லும் கப்பலைத் தடுக்கவும் கடற்போர்ச் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது போர்ச் சட்டம். தடை அமலாக்கம் அன்று. உங்கள் நிறுவனத்தின் வேறொரு கப்பல் இஸ்ரேலியத் துறைமுகத்துக்குப் போனது என்பதற்காக உங்கள் கப்பலை இலக்காக்க அதிலும் வழியில்லை.

இனி உங்கள் உரிமை. மாலுமி ஒருவர் ஒப்பாத நிலையில் கப்பல் போர்ப் பகுதிக்குச் செல்லுமானால், அவரை ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலுள்ள வழிகாட்டு நெறி. நெறிதான், கட்டாய விதி அன்று. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். அது ஐ.பி.எஃப். ஒப்பந்தத்தின்கீழ் (கப்பல் நிறுவனங்களும் மாலுமிகளின் தொழிற்சங்கங்களும் பேசி முடிக்கும் சர்வதேசக் கூட்டு ஒப்பந்தம்) வந்து, பாதையும் போர் நடவடிக்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால், நிறுவனச் செலவில் ஊர் திரும்பும் உரிமையோடு மறுக்கலாம். போனால் அடிப்படைச் சம்பளத்துக்கு ஈடான கூடுதல் தொகையும், உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும் இரட்டை இழப்பீடும் உண்டு. அறிவிக்கப்பட்ட எல்லைகள் அவ்வப்போது மாறுவதால், பயணத் தேதிக்கான பட்டியலையே கேளுங்கள். மறுப்பதாக இருந்தால் முந்தைய துறைமுகத்திலேயே மாஸ்டரிடம் (கேப்டனிடம்) எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சூயஸைத் தாண்டிவிட்டால் இறங்குவது எளிதாக இராது.