ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, டீச்சர்

குளிர்காலம் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். மற்ற மாதங்களில் "பென்சில் பிடிக்க வரவில்லை", "மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான்" என்று குழந்தையைப் பற்றிக் கேட்பவர்கள், இப்போது தங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். 22 வருடம் மழலையர் வகுப்பு எடுத்தவள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்கிற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு மூன்று வயதில் மகன், எட்டு மாதத்தில் மகள். கணவர் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிறது. ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் அந்த இரண்டு மணி நேரம் மலை மாதிரி நிற்கிறது. மற்ற அம்மாக்கள் தினம் ஒரு கைவேலை செய்யவைத்துப் படம் போடுகிறார்கள். நான் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். குற்ற உணர்ச்சி கொல்கிறது. வீட்டுக்குள் என்னதான் செய்வது டீச்சர்? (பெயர் வேண்டாம்)

பதில்: அந்த இரண்டு மணி நேரம் எனக்கும் தெரியும் அம்மா. என் பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் கைக்குழந்தை. இருட்டியதும் அவன் அழ ஆரம்பிப்பான், அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு "வெளியே போகலாம், வெளியே போகலாம்" என்பாள். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஒரு நாள் சரியாக ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி, "பெரியவளை அனுப்பு, நாற்பது நிமிஷத்தில் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார். கையில் ஒரு டார்ச். அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் வந்தார். எனக்கு ஒரு யோசனைகூடச் சொன்னதில்லை.

ஒரு நாள் சின்னவன் தூங்கிவிட்டதால் நானும் வாசல்வரை போய்ப் பார்த்தேன். வேலி ஓரத்தில் இருவரும் குந்தியிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சிலந்தி வலை. ஒவ்வொரு இழையிலும் பனித்துளி கோத்திருந்தது. என் மகள் மூச்சு விட்டால் வலை அசைகிறது. அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாள். அதைவிடப் பெரிய கைவேலை வகுப்பை என் 22 வருடத்தில் நானே நடத்தியதில்லை.

உங்களுக்கும் முதலில் நான் சொல்வது இதுதான்: இரண்டு மணி நேரத்தையும் நிரப்பப் பார்க்காதீர்கள். அதில் அரை மணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே நேரம், அதே வேலை. புதிதாக எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்குப் புதுமையைவிட "இன்னொரு தடவை" என்பதுதான் பிடிக்கும். பாப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டு, மகன் கையில் டார்ச்சைக் கொடுத்து, தெருமுனைவரை போய்த் திரும்புங்கள். வழியை அவன் காட்டட்டும். மழையோ பலத்த காற்றோ என்றால் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அதே டார்ச்சை வைத்துச் சுவரில் நிழல் விளையாட்டு. கையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், தள்ளிப்போனால் சின்னதாகும். இதை அவனே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் சொல்ல வேண்டாம்.

சரி, டி.வி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. ஆகவே நீங்கள் தயங்காமல் அரை மணி நேரம் போட்டுக்கொள்ளலாம். பாப்பாவின் முகம் மட்டும் திரைப் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது: உங்கள் மகன் வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடம் உடல் அசைய வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். மூன்று மணி நேரமா என்று பயப்படாதீர்கள். ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. கட்டிலிலிருந்து மெத்தைக்குக் குதிப்பது, துவைத்த துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவது, எல்லாமே கணக்கில் சேரும். எட்டு மாதப் பெண்ணைத் தரையில் விட்டுவிடுங்கள், அவள் கணக்கை அவளே பார்த்துக்கொள்வாள்.

ஒரு ஆறுதல் செய்தி. பூமியின் வட பாதியில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் ஊர்களில், சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அதற்குப் பல நாட்கள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. குறுகிய பகல் வரும்போது உங்கள் மாலை ஏற்கெனவே கொஞ்சம் நீள ஆரம்பித்திருக்கும். ஜன்னல் பக்கத்தில் நாட்காட்டி மாட்டி, இருட்டும் நேரத்தை மகனோடு தினம் குறித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் "எதிலும் ஆசை இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் வரும் மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, சிகிச்சையில் சரியாகிறது. டார்ச்சும் நிழலும் அதற்கு மருந்து இல்லை. அதை ஒத்திப்போட வேண்டாம் அம்மா.

கேள்வி: இரண்டு வயது மகளுக்கு மாதம் ஒரு தடவை சளி. குளிரில் வெளியே கொண்டுபோவதால்தான் என்று வீட்டில் என்னைத் திட்டுகிறார்கள். நிறுத்திவிடவா? (ஒரு தகப்பன்)

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி. சளியைக் கொடுப்பது வைரஸ். ஜன்னலை மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் நெருங்கி இருக்கும்போதுதான் அது சுலபமாகப் பரவுகிறது. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். அதில் பெரும்பகுதி குளிர் மாதங்களில் விழுவதால் மாதா மாதம் வருவதுபோல் தெரிகிறது. காய்ச்சல், மூச்சுத் திணறல், பால் தண்ணீர் இறங்காமை இருந்தால் வெளியே போவது இல்லை, மருத்துவரிடம் போவது. வெறும் மூக்கொழுகல் என்றால் வெளியே போகலாம்.

குழந்தையின் உடல் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சூட்டை இழக்கும். பெரியவர்கள் போடுவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல்கள் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பு என்றால் சரி, வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காரில் போகும்போது பஞ்சு வைத்த தடித்த கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் குழந்தை இருக்கையில் பட்டியைப் போட வேண்டும். கோட்டின் மேல் போட்டால் இறுக்கமாகத் தெரியும், மோதலில் பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியைப் போட்ட பிறகு கோட்டை மேலே போர்த்துங்கள்.

அப்புறம், வீட்டில் திட்டுபவர்களையும் ஒரு நாள் கூடவே கூட்டிப்போங்கள்.

கேள்வி: என் மகள் குழந்தையோடு குளிர்காலத்தில் தனியாகத் திண்டாடுகிறாள். நான் வேறு ஊரில் இருக்கிறேன். மணி கோப்பது, காகிதம் கத்தரிப்பது என்று தினம் போனில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு பதிலே போடுவதில்லை. (ஒரு பாட்டி)

பதில்: அவள் கோபித்துக்கொள்ளவில்லை அக்கா. நீங்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு வேலை. மணி வாங்க வேண்டும், கோக்க வைக்க வேண்டும், சிதறியதைப் பொறுக்க வேண்டும், வாயில் போடாமல் காவல் இருக்க வேண்டும். அதற்குப் பதில் மாலையில் ஒரு நேரம் பேசிவைத்து, வீடியோவில் நீங்களே பேத்தியோடு பதினைந்து நிமிடம் இருங்கள். கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்: நூல்கண்டு, பழைய சாவிக்கொத்து, பொத்தான் டப்பா. ஒரு சாவியைக் காட்டி "இது எந்தப் பூட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவள் சொல்லட்டும். நீங்கள் அவசரப்படாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு பதில் வர நேரமாகும். போனைச் சாய்த்து வைத்துவிட்டு மகள் கூப்பிடு தூரத்திலேயே கொஞ்சம் கால் நீட்டி உட்காரட்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மகளின் முகத்தைக் காட்டச் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காகப் போன குளிர்காலத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தோம். ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஐந்து. கைவேலை, பாட்டு, போட்டி, பரிசு எல்லாம் இருந்தது. நாற்பது குடும்பங்கள் பெயர் கொடுத்தன, ஒன்பதுதான் வந்தன. இந்த வருடம் விடலாமா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: விடாதீர்கள் ஐயா. அந்த ஒன்பது குடும்பமும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மதியம் இரண்டு மணி இந்த வயதுப் பிள்ளைகள் தூங்கும் நேரம். எழுப்பிக் கொண்டுவந்தால் மூன்று மணி நேரமும் அழுகை.

நேரத்தைக் காலை பத்து மணியாக்குங்கள், முக்கால் மணி நேரம் போதும். ஒரு பெரிய விழாவை விட்டுவிட்டு, எட்டு வாரம், வாரம் ஒரு நாள், அதே இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் காய்ச்சலால் வராதவர் அடுத்த வாரம் வருவார். அறிவிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்: "பெயர் கொடுக்க வேண்டாம். தாமதமாக வரலாம். பாதியில் போகலாம்." இதைப் படிக்கும்போதே பெற்றவர்களுக்கு மூச்சு திரும்பும். போட்டியும் பரிசும் வேண்டாம், மூன்று வயதுக்குத் தோற்கத் தெரியாது.

முக்கியமான ஆள் வாசலில் நிற்பவர். மேடையில் பாடுபவரைவிட அவர்தான் முக்கியம். ஒரு அம்மா உள்ளே வரும்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை. குழந்தையின் பூட்ஸைக் கழற்ற அவளுக்கு மூன்றாவது கை வேண்டும். "பாப்பாவை இப்படிக் கொடுங்கள்" என்று கை நீட்ட வாசலில் ஒருவர் வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டியில் மாற்றுக் காலுறை, கையுறை, குல்லா. பாலூட்ட ஒரு திரைமறைவு, அணையாடை மாற்ற ஒரு மேஜை, பெரியவர்களுக்கு முதுகு சாய நாற்காலி. பிள்ளைகள் தரையில் விளையாடும்போது பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள இருபது நிமிடம் கிடைக்க வேண்டும், அந்த நேரத்தை நிகழ்ச்சியால் அடைத்துவிடாதீர்கள்.

வேலைப்பாடு வாரத்துக்கு ஒன்று போதும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகள் பொறுக்கிய இலை, விதை, பூவைப் போட்டு, ஒரு நூலையும் அமிழ்த்தி வையுங்கள். உறைபனி இரவென்றால் வெளியே, இல்லையென்றால் உறைபெட்டியில். அடுத்த வாரம் அந்தப் பனிக்கட்டித் தட்டைக் கிளையில் தொங்கவிட்டால், உள்ளே இலை நரம்புகூடத் தெரியும். உருகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

பனி விழும் ஊராக இருந்தால் ஒரு கறுப்புக் கம்பளித் துணியை முதலில் வெளியே வைத்துக் குளிர வையுங்கள், பிறகு அதில் பனிப்பூவைப் பிடியுங்கள். குளிராத துணியில் விழுந்ததும் கரைந்துவிடும். பூதக்கண்ணாடியில் ஆறு கை தெரியும். ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-லேயே யோசித்து எழுதினார். உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் என்பது பின்னால் தெரிந்தது. 1885-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்பூவைப் படமெடுத்தார். ஆயுள் முழுக்க ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கூட நிற்கும் அப்பாக்களிடம் சொல்லுங்கள், அடுத்த வாரம் அவர்களே துணியைக் குளிர வைத்துக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: என் மகன் கையுறையைப் போட்ட நிமிடமே கழற்றி எறிகிறான். வயது ஒன்றரை. (அவசரம் என்று எழுதியிருக்கும் ஒரு அம்மா)

பதில்: விரல் விரலாகப் பிரித்த கையுறை வேண்டாம், அந்த வயதில் விரலைச் சரியாக நுழைக்க வராது. பெரியவர்களின் கம்பளிக் காலுறையை எடுத்து முழங்கைவரை ஏற்றிவிட்டு, அதன் மேல் கோட்டுக் கையை மாட்டுங்கள். பிடித்து இழுக்க விளிம்பு கிடைக்காது. ஆளுக்கு ஒரு நிறமாக உங்கள் கையிலும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.