கொரிய ஜனநாயகப் போராட்ட வரலாறு: மகள் படிக்க விரும்பினால் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தென்கொரியாவில் ராணுவ ஆட்சி போய் ஜனநாயகம் வந்த காலத்து மக்கள் இயக்கங்களைப் பற்றி மேற்படிப்பும் ஆராய்ச்சியும் செய்யப் போவதாகச் சொல்கிறாள். கொரிய நாடகம் பார்த்து வந்த ஆசையோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: அம்மா, ஆசை நாடகத்தில் தொடங்கியிருந்தாலும் தவறில்லை. அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1987 ஜூனில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி, நேரடி அதிபர் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கையில் வென்றார்கள். அப்படியிருக்க, அதே டிசம்பரில் நடந்த தேர்தலில் ராணுவத் தளபதியாக இருந்த ரோ டே-வூ எப்படி ஜெயித்தார்? எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங்-சாமும் கிம் டே-ஜுங்கும் தனித்தனியே நின்று 28, 27 சதவீதமாக வாக்குகளைப் பிரித்ததால், ஏறக்குறைய 37 சதவீதமே பெற்ற ரோ அதிபரானார். இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. இதையும், வாக்குகள் மாகாண வாரியாகப் பிளந்ததையும் மகள் விளக்கினால் ஆர்வம் உண்மையானது. தெரியவில்லை என்றாலும் கவலை வேண்டாம், தேடிப் படித்துவிட்டு வந்து சொல்கிறாரா என்று இரண்டு வாரம் பாருங்கள்.

அடுத்து, தலைப்பு. "கொரிய ஜனநாயக இயக்கமும் தேசிய அடையாளமும்" என்று எழுதி அனுப்பினால் எந்தத் துறையும் ஏற்காது. மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவ ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்து ராணுவத்தால் ஒடுக்கப்பட்ட எழுச்சி, 1987 ஜனவரியில் மாணவர் பார்க் ஜோங்-சுல் காவல்துறைச் சித்திரவதையில் இறந்தது, ஜூன் 10-இல் தொடங்கிய ஊர்வலங்கள், ஜூன் 29-இல் நேரடித் தேர்தலை ஏற்று ரோ டே-வூ வெளியிட்ட அறிவிப்பு எனத் தேதிகளை வரிசையாக அடுக்கி, "மாணவர்கள் ஜனநாயகம் கொண்டுவந்தார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பள்ளிப் பாடச் சுருக்கம், ஆராய்ச்சி ஆகாது. 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற விக் தயாரிப்பு நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டம், அதைத் தொடர்ந்து கிம் யங்-சாமின் நாடாளுமன்றப் பதவி பறிப்பு, அக்டோபரில் புசான், மாசான் நகரங்களின் கொந்தளிப்பு, அந்த மாதம் 26-இல் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டது என ஒரு சங்கிலியே இருக்கிறது. 1987 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தொழிற்சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்களும் தகராறுகளும் நடந்தன. தொழிலாளர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதப்படும் முன்மொழிவை அந்தத் துறைப் பேராசிரியர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

தேசிய அடையாளம் என்ற பகுதிக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. ராணுவ ஆட்சியும் தேசியம்தான் பேசியது. 1968 டிசம்பரில் வெளியிட்ட தேசியக் கல்விச் சாசனத்தைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. கம்யூனிச எதிர்ப்பும் பொருளாதார வளர்ச்சியுமே தேசபக்தி என்பது அரசின் நிலை. இயக்கத்தார் அதை அப்படியே திருப்பினார்கள். உழைத்து ஒடுக்கப்பட்ட மக்களே தேசம், நாடு இரண்டாகக் கிடப்பதே தேசத்தின் காயம் என்றார்கள். 'மின்ஜுங்' என்று அவர்கள் சொன்னது இந்த மக்களைத்தான். கல்லூரி வளாகங்களில் முகமூடி ஆட்டமும் கிராமத்து மேளமும் திரும்பி வந்தது இதனால்தான். குவாங்ஜுவுக்குப் பிறகு, அங்கே ராணுவம் நடத்திய ஒடுக்குமுறையில் அமெரிக்காவின் பொறுப்பு என்ன என்ற கேள்வி எழுந்தது. 1982 மார்ச்சில் புசானில் அமெரிக்கப் பண்பாட்டு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பிரிவினையையும் அமெரிக்காவையும் முதல் பிரச்சினையாகக் கண்டவர்களும், முதலாளி-தொழிலாளி உறவை முதல் பிரச்சினையாகக் கண்டவர்களும் இயக்கத்துக்குள்ளேயே கடுமையாக மோதினார்கள். ஆகவே "கொரிய தேசிய அடையாளம்" என்று ஒருமையில் எழுதக் கூடாது. யாருடைய தேசியம், எந்த வருடம், எந்த ஆவணத்தில் என்று மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்தபடியே தொடங்கக்கூடிய ஒரு தலைப்பு சொல்கிறேன். 1987 அக்டோபர் 27-இல் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முகப்புரையில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் முதல் நாள் சுதந்திர இயக்கமும், அதிபர் சிங்மன் ரீயின் ஆட்சியை வீழ்த்திய 1960 ஏப்ரல் 19 எழுச்சியும் இடம்பெற்றன. குவாங்ஜு இடம்பெறவில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருடங்களாகத் தொடர்கிறது. முகப்புரையில் எது நுழைகிறது, எது வெளியே நிற்கிறது என்பதை வைத்தே ஒரு எம்.ஏ. ஆய்வேடு எழுதலாம். இன்னொன்று, பொதுமக்கள் பங்குப் பணம் போட்டு 1988 மே மாதம் தொடங்கிய ஹாங்கியோரே நாளிதழ். சீன எழுத்தே இல்லாமல், ஹங்குல் என்ற கொரிய எழுத்திலேயே, இடமிருந்து வலமாக அச்சிட்டது அதுவே ஒரு தேசிய நிலைப்பாடு.

இதுதான் மொழிச் சிக்கலுக்கும் நம்மைக் கொண்டுவருகிறது. அன்றைய மற்ற நாளிதழ்கள் ஹாஞ்சா எனப்படும் சீன எழுத்துகளைக் கலந்து, பெரும்பாலும் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டவை. கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கில் நல்ல நிலை பெற்றவர்களும் 1980-களின் தலைப்புச் செய்தி முன்னால் திணறுவது இதனால்தான். பள்ளிகளுக்கான அடிப்படை ஹாஞ்சா பட்டியலில் 1,800 எழுத்துகள் உள்ளன. தினம் ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும். பிறகு நாவர் இணையத்தளத்தின் பழைய நாளிதழ் நூலகத்தில் தோங்ஆ, கியோங்ஹ்யாங் இதழ்களை நேரடியாக வாசிக்கலாம். ஓர் எச்சரிக்கை: 1987-க்கு முந்தைய செய்திகளை அப்படியே உண்மை என்று எடுக்கக் கூடாது. எதை எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று அரசு பத்திரிகைகளுக்கு அன்றாடம் அறிவுரை அனுப்பியது 1986-இல் அம்பலமானது. ஆகவே கொரிய ஜனநாயக அறக்கட்டளையின் ஆவணக்காப்பகத்தில் உள்ள துண்டுப் பிரசுரங்களோடும் அறிக்கைகளோடும் ஒப்பிட்டே எழுத வேண்டும்.

மேல்நிலைத் தேர்வான டோபிக்-2 300 மதிப்பெண்ணுக்கு. 120 எடுத்தால் மூன்றாம் நிலை, 150-க்கு நான்கு, 190-க்கு ஐந்து, 230-க்கு ஆறு. சான்று இரண்டு வருடமே செல்லும். ஆர்வத்தில் இப்போதே எழுதிவிட்டு, விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி நிற்பவர்கள் உண்டு. இப்போது பயிற்சிக்கு எழுதிப் பார்க்கலாம், சான்றுக்கான தேர்வை எம்.ஏ. முதல் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இன்கோ மையத்தில் கொரிய மொழி வகுப்புகள் நடக்கின்றன.

எம்.ஏ.வுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறைதான் என் முதல் பரிந்துரை. பாடத்தோடு மொழியும் கிடைக்கும். அடுத்து ஜே.என்.யு., புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மூன்றுக்கும் சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத்தேர்வு. பி.ஏ. முடித்த கையோடு கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகைக்குப் போக மகள் அவசரப்படலாம். ஆனால் அதற்கு முந்தைய பட்டத்தில் 80 சதவீதம் கேட்கிறார்கள். நம் கலைப் பாடங்களில் 65, 70 என்பதே நல்ல மதிப்பெண். மகளுக்கு 80 வராது என்றால், எம்.ஏ.வில் அதை எட்டி, பிஎச்.டி. நிலையில் விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். அந்த உதவித்தொகையில் ஒரு வருட மொழிப் பயிற்சியும் சேர்ந்திருக்கும். அதற்குப் பின் மூன்றாம் நிலை கட்டாயம். ஐந்தாம் நிலையோடு போனால் அந்த வருடமே மிச்சம். ஆங்கிலத்தில் நடக்கும் பன்னாட்டு உறவுப் படிப்புகள் எளிதாகத் தெரியும், ஆனால் அவை வர்த்தகம், ராஜதந்திரம் பக்கம் இழுத்துச் செல்லும். மக்கள் இயக்கங்களைப் படிக்கக் கொரிய மொழியில் நடக்கும் சமூகவியல் அல்லது வரலாற்றுத் துறைதான் சரி. குவாங்ஜுவிலேயே உள்ள சொன்னாம் தேசியப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தியக் கல்லூரிகளில் "கொரிய வரலாறு" என்று தனிப் பணியிடம் அரிது. அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியராகத்தான் நுழைய முடியும். அதனால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (அல்லது மாநில அளவிலான செட்) தேவை. நெட்டில் இரண்டு தாள்கள், 50-ம் 100-ம் ஆக 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. நெட் வழியே ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். இந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. கொரியத் தலைப்பிலேயே மூழ்கி, இந்திய அரசியலையும் அரசியல் கோட்பாட்டையும் கைவிட்டவர்களுக்கு நெட் கைகூடாது. நிரந்தரப் பணிக்குப் பத்து வருடம்கூட ஆகலாம், அதற்கு வீடு தயாரா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இடையில் வருமானம் தேவைப்பட்டால் மொழி காப்பாற்றும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கொரிய ஆலைகளுக்கும் அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் தேவை. நான்காம் நிலைக்குக் கீழே இருப்பவர்கள் அங்கே அலுவலகப் பேச்சைப் பின்தொடர முடியாமல் நின்றுவிடுகிறார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்தும் இருந்தால், வெளிநாட்டு விண்ணப்பத்தில் இருவேறு ஆட்கள்போலத் தெரியும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே பெயரைச் சான்றிதழோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஏற்கனவே எடுத்திருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். பட்டச் சான்றுக்கு சான்று வெளிநாட்டில் ஏற்கப்பட, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும், அதற்கு முன் மாநில அளவிலான சரிபார்ப்பும் உண்டு. விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது. பட்டம் கைக்கு வந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.