கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். என் மகள் கிண்டியில் வேலை செய்கிறாள். மெட்ரோவில் வந்து இறங்கி வீடு சேர இரவு பத்தரை ஆகிவிடும். நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரை நடைபாதையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் படுத்திருக்கின்றன. ஒருவர் தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். கடந்த இரண்டு மாதங்களில் எங்கள் தெருவில் இரண்டு பேருடைய செல்போன்களைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். நடைபாதையில் இருப்பவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி குடியிருப்போர் சங்கம் மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறது. அந்தக் குடும்பங்களில் ஒருவரான பூக்காரம்மாவிடம்தான் நான் தினமும் பூ வாங்குகிறேன். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. “உனக்கும் ஒரு பெண் இருக்கிறாளே” என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பயத்தை நான் லேசாக எண்ணிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பத்தரை மணிக்கு மகள் இன்னும் வரவில்லையே என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்த இரவுகள் எனக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குப் பரிகாரம் வேண்டும். இந்த மனுவில் அது கிடைக்காது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

இப்படி ஒரு மனுவில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது தண்டையார்பேட்டையில் குடியிருந்தோம். டியூஷன் முடிந்து வந்த என் மகனைத் தள்ளிவிட்டு அவனுடைய சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆத்திரத்தில், நீட்டிய தாளை முழுதாகப் படிக்காமலே பெயரை எழுதிக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் லாரி வந்தது. பாய், ஸ்டவ், தண்ணீர்க் குடம், பிள்ளைகளின் பள்ளிப் பை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். எங்கள் வாசலில் இட்லி விற்ற பாட்டி மாடியை அண்ணாந்து பார்த்தார். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். அடுத்த மாதமே அதே தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தது, பிறகு இன்னொன்று. முன்பு நான் பணி முடிந்து இருட்டில் வரும்போது, “யாரது, மூன்றாம் மாடி அம்மாவா?” என்று பாயில் படுத்தபடியே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் இல்லாத தெருவில் நடக்க எனக்குத்தான் கால் பின்னியது.

உங்கள் தெருவில் போனைப் பறித்தவர்கள் எதில் வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விசாரித்துப் பாருங்கள். இருவராக வண்டியில் வந்து, ஒருவர் ஓட்ட, பின்னால் இருப்பவர் பறித்துக்கொண்டு, நொடியில் பிரதான சாலையில் கலந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. சட்டிபானையும் கைக்குழந்தையுமாக ஒரே இடத்தில் கிடப்பவர்கள் தப்பி எங்கே ஓடுவார்கள்? தெருவில் எது தொலைந்தாலும் போலீஸ் முதலில் தட்டி எழுப்புவது தங்களைத்தான் என்று அவர்களுக்குத் தெரியாதா? நடைபாதையில் இருப்பவர்கள் அனைவரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். கஞ்சா புகைக்கும் இளைஞர்கள் அங்கும் இருக்கலாம், கல் வீடுகளிலும் இருக்கலாம். தப்பு செய்தவன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுங்கள். அவன் படுத்திருக்கும் வரிசையில் படுத்திருக்கிறார்கள் என்பதற்காக எல்லாரையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

பூக்காரம்மாவுக்கு மகள் இருந்தால், அந்தப் பெண் இரவில் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். சுவரோரமாக மகளைப் படுக்கவைத்து, சாலைப் பக்கம் தான் படுத்துக்கொள்ளும் தாய்மார்களைத் தங்கசாலையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு வருகிறவன் முதலில் இடறி விழுவது அவர்கள் மேல். கட்டணக் கழிப்பறையைப் பூட்டிவிட்டால் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பதும் அவர்கள்தான். அவர்களிடம் நடக்கும் அத்துமீறல்களில் எத்தனை காவல் நிலையம்வரை போகும் என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்கும் அந்தத் தாய்க்கும் ஒரே இருட்டைப் பார்த்துத்தான் பயம். உங்களுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். போனைப் பறிகொடுத்த இருவரும் புகார் கொடுத்தார்களா? “அலைய விடுவார்கள்” என்று விட்டிருந்தால், காவல் நிலையக் கணக்கில் உங்கள் தெருவில் எதுவுமே நடக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவில் பறிப்பு தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இது நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியவேண்டிய குற்றம். “மனு ரசீது தருகிறோம், போய்வாருங்கள்” என்றால் ஒப்புக்கொள்ளாமல் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு, அதன் நகலை வாங்கி வரச் சொல்லுங்கள். நகல் பெற அவர்களுக்கு உரிமை உண்டு, கட்டணமும் கிடையாது. இரண்டு வழக்குகள் பதிவாகியிருந்தால், சங்கம் போய் இரவு ரோந்து கேட்கும்போது அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

பிறகு விளக்கு. ஒருநாள் இரவு உங்கள் மகளோடு நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து, எரியாத கம்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்திலேயே எண் எழுதியிருக்கும். மாநகராட்சியின் 1913 எண்ணில் அந்தக் கம்ப எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதியுங்கள். “எங்கள் தெருவில் விளக்கு இல்லை” என்று பொதுவாகச் சொன்னால் பத்து நாள் இழுப்பார்கள். தெருவில் கேமரா இருந்தால் அது வேலை செய்கிறதா என்பதையும் சங்கத்தை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மகளின் போனில் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி இருக்கட்டும்.

தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அந்த மனிதரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவரை விரட்டவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. மனநோயோடு தெருவில் திரிபவர், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய பொறுப்பு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தினுடையது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நூறாவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நமக்கு ஒன்றும் தொலைவில்லை. ஆதரவற்றவர்களை மீட்பதற்கென்றே சென்னைப் போலீஸ் 2021இல் ‘காவல் கரங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். எத்தனையோ பேர் மருந்து நின்றுபோன ஒரே காரணத்தால் வீட்டு விலாசம் மறந்து ரயிலேறி இங்கே வந்து கிடக்கிறார்கள். அவரைத் தேடிக்கொண்டு எங்கோ ஒரு குடும்பம் இருக்கக்கூடும்.

“அவர்களுக்குத்தான் மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறதே, போகட்டுமே” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. தனியாளாக இருக்கும் முதியவருக்கும், அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உறவினருக்கும் அவை பெரிய துணை. ஆனால் காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என்று இருக்கும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தா போகும்? மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? விடியுமுன் காசிமேட்டுக்குக் கூடை தூக்கப் போகிறவருக்கும், பாரிமுனையில் பூ எடுக்கப் போகிறவருக்கும் பிழைப்பு இந்த நாலு தெருவுக்குள்தான் இருக்கிறது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்து அனுப்பினார்களே, அவை நகரத்தின் தென்கோடியில் இருக்கின்றன. அங்கிருந்து தினமும் இங்கே வந்து வேலை செய்வது பெரும்பாடு. வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி நடைபாதைக்கே வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். மூன்று தலைமுறையாக இந்த ஊரைச் சுமந்தவர்களுக்கு இந்த ஊரிலேயே ஒரு அறை கொடுக்க நம்மால் முடியவில்லை, அவர்களைக் குற்றவாளிகள் என்று எழுத மட்டும் தாள் கிடைக்கிறது.

1985இல் மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. உரிய அறிவிப்போடு அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. அதனால் நடைபாதையே நிரந்தரம் என்று வாதாட வராதீர்கள், தோற்றுவிடுவீர்கள். சங்கத்தில் இரண்டு மனுக்கள் எழுதச் சொல்லுங்கள். ஒன்று காவல் நிலையத்துக்கு, பறிப்பு வழக்குகளைப் பற்றியும் ரோந்தைப் பற்றியும். மற்றொன்று உங்கள் வட்டக் கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும். அதில் விளக்கும், இரவில் திறந்திருக்கும் கழிப்பறையும், குடும்பமாகத் தங்கக்கூடிய காப்பகமும், வடசென்னைக்குள்ளேயே வீடும் கேளுங்கள். இரண்டிலும் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவதில் பூக்காரம்மாவும் போடட்டும்.

அவருக்கு வாக்காளர் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீடு இல்லாதவரும் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். படிவத்தில் எழுதிய இடத்தில் அவர் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்வார். விலாசத்துக்கு வேறு சான்று தேவையில்லை. ஓட்டு இருக்கிற நடைபாதைக்குக் கவுன்சிலர் வருவார்.

“உனக்கும் ஒரு பெண் இருக்கிறாளே” என்பவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் பேசுகிறார்கள். பறிகொடுத்தவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், அவரோடு காவல் நிலையத்துக்கு நீங்களும் துணைக்குப் போய்விட்டு வாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் பேச்சை அவர் கேட்பார்.

இன்னும் ஒன்று. போன்கள் பறிபோன அந்த இரண்டு நாட்களிலும் பூக்காரம்மா அங்கேதான் இருந்திருப்பார். வண்டி எந்தப் பக்கம் போனது, வந்தவர்கள் முன்பே அந்தத் தெருவைச் சுற்றிப் பார்த்தார்களா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா? நாளைக் காலை பூ வாங்கும்போது நீங்கள் கேளுங்கள். மகளையும் ஒருநாள் அழைத்துப் போய், “இவள்தான் என் பெண், இரவு பத்தரைக்கு இந்த வழியாக வருவாள்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.