பிணந்தின்னிப் பிழைப்பா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 24 வயது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படமும் வீடியோவும் எடுத்து நன்றாகவே சம்பாதிக்கிறான். இப்போது டிம் ஹெதரிங்டன் என்ற போர்ப் படக்காரரைப் பற்றி எங்கேயோ பார்த்துவிட்டு, நானும் அந்த வேலைக்குத்தான் போவேன், புதுக் கேமராவுக்குப் பணம் கொடுங்கள் மாமா என்கிறான். அடுத்தவன் சாவைப் படம் பிடித்துப் பரிசு வாங்குவது பிணந்தின்னிப் பிழைப்பு இல்லையா? தோட்டத்துப் பிள்ளைக்கு யாரோ ஒருவனுடைய சண்டை எதற்கு?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பிணந்தின்னி என்று சொல்வதற்கு முன்னால் அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேளுங்கள் ஐயா. 2003இல் லைபீரியாவில் உள்நாட்டுப் போர். கிளர்ச்சிப் படையோடு சேர்ந்து நடந்த வெகுசில வெளிநாட்டுக்காரர்களில் ஹெதரிங்டனும் ஒருவர். அங்கே ஒரு தளபதி, மருத்துவ ஊழியர் ஒருவரைப் பிடித்து, நீ அரசாங்கத்து உளவாளி என்று சொல்லிச் சுடப் போகிறான். ஒதுங்கி நின்று அதைப் படம் எடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள், உலகமெங்கும் அச்சாகியிருக்கும். அவர் நடுவில் போய் நின்று, விட்டுவிடு, விட்டுவிடு என்று மன்றாடினார். அந்த ஊழியர் உயிர் பிழைத்தார். சண்டை ஓய்ந்த பிறகும் கிளம்பிவிடாமல், அந்த நாட்டிலேயே வருஷக்கணக்கில் தங்கி, லைபீரியா மீது போட்ட தடைகளைக் கவனிக்கும் ஐ.நா. பாதுகாப்பு மன்றக் குழுவுக்கு விசாரணையாளராகவும் வேலை பார்த்தார். இவரையா பிணந்தின்னி என்கிறீர்கள்?

நீங்கள் சொல்லும் அந்தப் பரிசுப் படத்தையும் ஒருமுறை பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படம் என்று தேர்வானது அது. அதில் பிணமே கிடையாது. ஆப்கானிஸ்தானில் கோரங்கல் பள்ளத்தாக்கு, பதுங்குகுழி ஒன்றில் ஓர் அமெரிக்கச் சிப்பாய், நாள் முடிந்த அசதியில் சாய்ந்து நெற்றியில் கை வைத்திருக்கிறான், படம் லேசாகக் கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பையனுக்கும் உங்கள் மருமகனுக்கும் பெரிய வயது வித்தியாசம் இருக்காது.

அதே படைப்பிரிவோடு எழுத்தாளர் செபாஸ்டியன் யுங்கரும் அவரும் 2007, 2008இல் மாறி மாறிப் போய்த் தங்கி எடுத்ததுதான் 'ரெஸ்ட்ரெப்போ' ஆவணப்படம். இறந்துபோன ஒரு படை மருத்துவச் சிப்பாயின் பெயரை அந்தக் காவல் முகாமுக்கு வைத்திருந்தார்கள், அதுவே படத்துக்கும் பெயரானது. பின்னணிக் குரல் இல்லை, மேல்மட்டத் தளபதிகளின் பேட்டி இல்லை, சரி தப்பு என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. சிப்பாய்கள் தூங்கும்போது தனியாக ஒரு வரிசைப் படம் எடுத்தார் ஹெதரிங்டன். துப்பாக்கியும் தலைக்கவசமும் இல்லாமல், வாய் லேசாகத் திறந்து, பெற்றவள் பார்த்தால் போர்வையை இழுத்துவிடுவாளே, அப்படிக் கிடக்கிறார்கள். இதை ஓடிப்போய் எடுக்க முடியாது. பக்கத்தில் ஒருவன் கேமராவோடு உட்கார்ந்திருந்தும் அவர்கள் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்றால் எத்தனை நாள் அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு பயந்து கிடந்திருக்க வேண்டும்! உங்கள் மருமகன் பார்த்தது குண்டுச் சத்தத்தையும் பரிசையும் என்றால், அவரைப் பற்றிப் பாதிகூடப் பார்க்கவில்லை.

அப்புறம், பிழைப்பு என்று எழுதியிருக்கிறீர்களே. இது மாதச் சம்பளம் வரும் உத்தியோகம் இல்லை. இந்த வேலையில் நிறையப் பேர் சொந்தப் பொறுப்பில் போகிறவர்கள், காப்புறுதி, விமானச் சீட்டு, பாதுகாப்பு உடை எல்லாம் பெரும்பாலும் அவரவர் தலையில்தான். ஹெதரிங்டனும் வீடற்றவர்கள் தெருவில் விற்கும் 'தி பிக் இஷ்யூ' பத்திரிகைக்குப் படம் எடுத்து மேலே வந்தவர்தான். 2010இல் சன்டான்ஸ் விழாவில் 'ரெஸ்ட்ரெப்போ'வுக்குப் பெரும் பரிசு, 2011 பிப்ரவரியில் ஆஸ்கார் போட்டியில் இடம். இரண்டு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 40. கூட இருந்த இன்னொரு போர்ப் படக்காரர் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் அதே தாக்குதலில் போனார். ஹெதரிங்டனுக்குத் தொடைப் பக்கம் காயம், ரத்தம் நிற்காமல் ஓடி, மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடனிருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு தெரியவந்தபோது, யுங்கர் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை, தனியாகப் போகும் செய்தியாளர்களுக்கு முதலுதவி சொல்லித்தர 'ரிஸ்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விதான் என்னைச் சுட்டது. அதுவும் சுங்கை சிப்புட்டிலிருந்து! 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகுதானே மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது, அது முடிய 1960 ஆயிற்று. ஊரடங்கும் முள்கம்பியும் சோதனையுமாக நம் ஜனங்கள் அதற்குள்தான் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு. அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. அதைப் பற்றி இன்றைக்கு நாம் பார்க்கிற படமும் சித்திரமும் பெரும்பாலும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுடையவை, அவர்களிலும் சிலர் ஒளித்து ஒளித்து எடுத்தது, வரைந்தது. காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம் தாத்தாக்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. போனவர்களின் முகத்தை எடுத்து வைக்க யாரும் கூட நடக்கவில்லை. யாரோ ஒருவனுடைய சண்டை என்று அன்றைக்கு எங்கேயோ இருந்த மற்றவர்களும் இப்படித்தானே நினைத்திருப்பார்கள்?

அதனால் தம்பியைத் தடுக்காதீர்கள். ஆனால் உடனே விமானம் ஏற்றியும் விடாதீர்கள். உங்கள் பகுதியில் செம்பனைக்குக் கைமாறிய தோட்டமோ காலியாகிக்கொண்டிருக்கும் லயமோ இருந்தால் அங்கே போகச் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தோடு ஒரு வருஷம் இருக்கட்டும், கேமராவை எடுக்காமலே பாதி நாள் போகட்டும். சயாமுக்குப் போனவரின் பிள்ளைகள் இன்னும் ஒருசிலராவது இருப்பார்கள், அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யட்டும். கோபித்துக்கொண்டு, கதவைச் சாத்தி, மறுபடி திறக்கும் ஆட்களோடு பழக முடிகிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் கல்யாணப் படம் ஒன்றும் கேவலமான தொழில் இல்லை, நிம்மதியாக அதைச் செய்யட்டும்.

கேமராவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஹெதரிங்டன் லைபீரியாவில் தூக்கிக்கொண்டு அலைந்தது ஒரு சுருளுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் மட்டுமே விழும் பழைய மாதிரி ஃபிலிம் கேமராவை. கையில் இருக்கும் கல்யாணக் கேமராவே இவனுக்குத் தாராளம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி வகுப்பில் சேர்த்துவிடுங்கள், ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடுவதைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டு வரட்டும். வகுப்பு முடிந்த பிறகும் போவேன் என்று சொன்னால், எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவனோடு நானே பேசுகிறேன்.